கேஜன் இறாலும் எங்கள் வீட்டு மிளகாய்த்தூளும்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கேஜன் முறையில் இறால் சமைக்கிறேன் என்றால், கொழும்பில் எவரும் முதலில் விசாரிப்பது உறைப்பைப் பற்றித்தான். உறைப்பில் எங்களுக்குக் கற்றுத்தர அந்தச் சமையலிடம் அதிகம் இல்லை. மிளகாயை அடக்கி, மிளகுக்கும் வெண்ணெய்க்கும் இடம் விடுவதே அதில் நாங்கள் பழக வேண்டியது.

1755 முதல் பிரித்தானியரால், இன்றைய கிழக்குக் கனடாவிலிருந்த அக்காடியாவிலிருந்து விரட்டப்பட்ட பிரெஞ்சு மொழிபேசும் மக்களிற் பலர் லூசியானாவிற் குடியேறினர். அவர்களின் வழித்தோன்றல்களே கேஜன் மக்கள். வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் வதக்கித் தொடங்கும் நிதானமான சட்டிச் சமையலே அவர்களது வழக்கம். வெண்ணெயில் தோய்த்து மசாலாத்தூள் பூசிய மீனை நன்கு காய்ந்த இரும்புச் சட்டியில் கருக்கியெடுக்கும் முறையை 1980களில் உலகறியச் செய்தவர் நியூ ஓர்லியன்ஸ் சமையற்கலைஞர் போல் புருதோம். நாம் வீட்டில் செய்யும் இறாலும் அந்த வழியில் வந்ததுதான்.

சுத்தம் செய்த அரைக் கிலோ இறாலுக்கு இரண்டு தேக்கரண்டி பப்ரிக்கா (காரம் குறைந்த செந்நிற மிளகாய்த்தூள்), உள்ளித்தூளும் வெங்காயத்தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, கறுப்பு மிளகு, வெள்ளை மிளகு, தைம், ஒரிகானோ என்ற உலர்ந்த வாசனை இலைகள், மிளகாய்த்தூள் ஆகியவை அரை அரைத் தேக்கரண்டி, அளவான உப்பு ஆகியவற்றைக் கலந்துகொள்ளலாம். பப்ரிக்கா கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூள் நிறத்தைத் தரும். ஆனால் அதற்கும் சிறிது காரம் உண்டென்பதால் மற்ற மிளகாய்த்தூளைப் பாதியாக்க வேண்டும். கை தன்னிச்சையாக வறுத்த கறித்தூள் போத்தலை நோக்கிப் போகும், தடுத்துவிடுங்கள். மல்லியும் சீரகமும் சேர்ந்தால் அருமையான இறால் பொரியல் கிடைக்கும், ஆனால் அது யாழ்ப்பாணத்துச் சட்டியில் இருக்க வேண்டியது. கடைகளில் விற்கும் ஆயத்தக் கலவைகளிற் பலவற்றில் உப்பே முன்னிற்பதால், அவற்றை வாங்குவதில் எனக்கு விருப்பமில்லை.

வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கும்போது தலை உறுதியாக ஒட்டியிருக்கிறதா, ஓடு பளபளப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது போதும். அதைவிட முக்கியம், கழுவிய இறாலைத் துணியால் ஒற்றி ஈரத்தை முற்றாக எடுப்பது. ஈரம் இருந்தால் அது ஆவியில் வெந்து, தூள் கருகிப் படியாமல் சேறாகிவிடும்.

தடித்த இரும்புச் சட்டியை நன்றாகச் சூடாக்கி, முதலில் எண்ணெயை மட்டும் விடவேண்டும், ஏனெனில் வெண்ணெயிலுள்ள பாற்பொருள் அந்தச் சூட்டில் தீய்ந்துவிடும். தூள் கலவையைப் பூசிய இறாலை, சட்டியை நிறைக்காமல் இரண்டு தடவையாகப் போடுங்கள். இறாலின் ஓரம் சாம்பல் நிறத்திலிருந்து இளஞ்சிவப்பாக ஏறிவர ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிடிக்கும்; உடனே புரட்டி, மறுபக்கத்துக்கு ஒரு நிமிடம் கொடுத்தால் போதும். அரைவட்டமாக வளைந்திருந்தால் பதம் சரி. தலையும் வாலும் முட்டுமளவுக்குச் சுருண்டுவிட்டால் அது றப்பராகிவிட்டது. தொடர்மாடியில் வசிப்பவர்கள் சட்டியை வைக்கும் முன்னரே யன்னலைத் திறந்துவிடுவது நல்லது; மிளகாய்ப் புகை அயல்வீட்டாரையும் இருமவைக்கும்.

இறாலை எடுத்தபின் அடுப்பைத் தணித்து, அதே சட்டியில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும் நசுக்கிய உள்ளியும் சேர்த்து, அடியில் ஒட்டிய மசாலாவைச் சுரண்டிக் கரைத்து, தேசிக்காய்ப்புளி பிழிந்து, இறாலின் மேல் ஊற்ற வேண்டும். சோற்றோடு இது எனக்கு ஒப்பவில்லை; அந்தச் செந்நிற வெண்ணெயைத் துடைத்தெடுக்கப் பேக்கரிச் சூடு ஆறாத றோஸ் பாண்தான் சரி.