ஆறாவது படி

"ஃபாதர் உன்னாண்ட பேசணும்னாரு" என்று எதிர்வீட்டு ஆயா வந்து சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சென்னைக் காசிமேட்டுக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் என்ன தப்புச் செய்தேன்? இலங்கையில் எங்கள் மன்னாரில் பேசுவது என்றால் திட்டுவது. "அம்மா பேசினவ" என்றால் வாங்கிக் கட்டிக்கொண்டோம் என்று அர்த்தம். மற்றதெல்லாம் கதைப்பதுதான். ஞாயிறு பூசை முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு பங்கு அலுவலகத்துக்கு, அதாவது எங்கள் வட்டாரக் கோவில் அலுவலகத்துக்குப் போனேன். "சாப்பிட்டியாம்மா? பாட்டு வருமா? பாடகர் குழுவில ஆள் கம்மி" என்றார் ஃபாதர். அவ்வளவுதான். நான் அழுததைப் பார்த்து அவருக்குத்தான் பயம் வந்துவிட்டது.

நாங்கள் வந்தது 2006 கடைசியில். படகு, தனுஷ்கோடி, மண்டபம் முகாம் என்று எல்லாரும் சொல்லும் கதைதான், அதை விடுகிறேன். அம்மாவின் தங்கை ஏற்கெனவே இந்தப் பக்கம் இருந்ததால், பிறகு காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே தங்க அனுமதி கிடைத்தது. வீடு தேடியபோது மூன்று இடத்தில் "சிலோனா? வேணாம்மா" என்று கதவைச் சாத்தினார்கள். நான்காவது வீடு ஆயா சொல்லிக் கிடைத்தது. ஆயா வாக்குக் கொடுத்தால் அந்தத் தெருவில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

கடலும் கோவிலும் இருந்ததால் ஊரைப் பழகிக்கொள்ளலாம் என்று தோன்றியது. இராயபுரம் என்ற பெயரே இராயப்பர் பெயர். பேதுருவை அந்தக் காலத்தில் தமிழில் அப்படித்தான் சொன்னார்கள், எங்கள் அப்பம்மாவும் சாகும்வரை அப்படித்தான் சொன்னா. அங்கே உள்ள பேதுரு கோவில், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றி இறக்கிய படகுக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் தங்கள் காசில் எழுப்பியது. எங்கள் பங்கு அது இல்லை, கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் கோவில். ஆனாலும் முதல் தடவை அந்த வழியாகப் போனபோது, மீன்பிடிக்கிறவர் பெயரில் ஒரு ஊரே இருக்கிறதே, அப்போ இங்கே நமக்கும் ஒரு மூலை இருக்கும் என்று அம்மா சொன்னா.

மூலை கிடைத்தது. ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை.

முதல் இரண்டு வருடம் நாங்கள் வாங்குகிறவர்களாகவே இருந்தோம். பங்கில் மாதாமாதம் அரிசி, எண்ணெய், கிறிஸ்துமஸுக்குப் புடவை. யாரும் முகம் சுளித்துக் கொடுக்கவில்லை. இருந்தாலும் ஒரு ஞாயிறு அறிவிப்பில் "நம் பங்கில் இருக்கும் அகதிக் குடும்பத்துக்கு" என்று வாசித்தபோது, முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டா. "அன்னியனாக இருந்தேன், என்னை ஏற்றுக்கொண்டீர்கள்" என்ற மத்தேயு வசனத்தை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். ஏற்றுக்கொள்கிறவர்களுக்குச் சொன்ன வசனம் அது. ஏற்றுக்கொள்ளப்பட்ட அந்த அன்னியன் அடுத்த நாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எதுவும் இல்லை.

அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அன்பியத்தின் சந்தா நோட்டு.

அன்பியம் என்றால் நம் தெருவில் உள்ள இருபது முப்பது வீடு சேர்ந்த குழு. மாதம் ஒரு வீட்டில் கூடி, பைபிளை ஏழு படியாக வாசிப்போம். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த முறை என்று சொல்வார்கள். ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, ஒரு சொல்லில் நிற்பது, மௌனம், பகிர்வு. ஐந்தாவது படிவரைக்கும் நன்றாகப் போகும். ஆறாவது படி 'இந்த மாதம் நாம் என்ன செய்யப் போகிறோம்'. அங்கே வந்ததும் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், ஒருத்தி டீ போட எழுந்துவிடுவாள். ஒரு மாதம் அந்த இடத்தில் ஆயா என்னைக் காட்டி, "சும்மா வாங்கித் துன்னுக்கினு கீற பொண்ணு, அதுகிட்ட நோட்டைக் குடுங்க, படி ஏறட்டும்" என்றாள். சுருக்கென்றது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் அன்பாகப் பேசியிருக்கிறார்கள், அந்த வாக்கியம் அளவுக்கு எதுவும் எனக்கு உதவவில்லை.

இருபத்தெட்டு வீடு, வீட்டுக்கு இருபது ரூபாய். ஹவுசிங் போர்டு மாடிப்படிகள் எல்லாம் எனக்கு அத்துப்படி ஆயின. எந்த வீட்டில் எப்போது பணம் இருக்கும், எந்த வீட்டில் குடித்துவிட்டுக் கத்துவார்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை இருக்கும் 61 நாளும் யார் வீட்டில் சந்தா கேட்கவே கூடாது, எல்லாம் அந்த நோட்டுதான் கற்றுக்கொடுத்தது. மூன்றாவது மாடியில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி. கருவாடு விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். நான் போனால் புடவை முந்தானை முடிச்சை அவிழ்ப்பாள். விரல் மடங்காது, ஆனால் என்னை அவிழ்க்க விடமாட்டாள். ஐந்து நிமிடம் ஆகும். நான்காக மடித்த இருபது ரூபாய் நோட்டு, வியர்வையில் நனைந்து கருவாட்டு வாடையோடு வரும். "உங்கூர்ல சுனாமி வந்துச்சா கண்ணு?" என்று ஒவ்வொரு மாதமும் கேட்பாள். எங்கள் பக்கம் பெரிதாக வரவில்லை, முல்லைத்தீவில் அள்ளிக்கொண்டு போனது என்று ஒவ்வொரு மாதமும் சொல்வேன். 2004இல் அன்று ஞாயிறு காலை அவள் வீட்டில் என்ன போயிற்று என்று அவள் சொன்னதில்லை. முதல் வெள்ளி நற்கருணை கொண்டுபோகும்போது நானும் கூடப் போகத் தொடங்கினேன். அவள் ஜெபம் சொல்லும்போது, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்றாள். எங்கள் அப்பம்மாவுக்குப் பிறகு, 'அருள்' என்பதற்கான அந்தப் பழைய வார்த்தையை நான் கேட்கவே இல்லை. என் மகளுக்கு அது தமிழா என்றே சந்தேகம்.

மகள் இங்கேதான் பிறந்தாள். அவள் அப்பா புழல் முகாமில் வளர்ந்தவர். பெற்றோர் இருவரும் இலங்கை என்பதால் பிள்ளைக்கும் இந்தியக் குடியுரிமை கிடையாது. முகாம்களுக்கு 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். பெயர் நன்றாக இருக்கிறது, காகிதம்தான் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒரு காகித விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. கல்யாணத்துக்கு என் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அது கடலில் போன பையில் இருந்தது. இங்கிருந்து ஃபாதர் மன்னாரில் உள்ள எங்கள் பங்குக்கு எழுதினார். ஒரு மாதத்தில், முத்திரை குத்தி, என் பெயரும் ஞானத்தாயின் பெயரும் நீல மையில் எழுதி ஒரு தாள் வந்தது. கல்யாணம் முடிந்ததும் இங்கிருந்து திரும்ப எழுதுவார்கள், அங்கே அந்தப் பழைய பதிவேட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் அதைக் குறித்துவைப்பார்கள். அது சபையின் வழக்கம், எல்லாருக்கும் செய்வதுதான். ஆனால் எந்த நாட்டு அலுவலகத்திலும் பொருந்தாத என் பெயர், மன்னாரில் ஒரு புத்தகத்தின் ஓரத்தில் சென்னையோடு பொருந்தி இருக்கிறது.

சரி, இதுவரைக்கும் சொன்னது சுலபமான பகுதி.

எங்கள் அன்பியத் தலைவி அக்காவின் தங்கை ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். அவள் மகனை, படகில் கூலிக்குப் போன பையன், எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்தது. தவக்காலம். அந்த ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டு வாசிக்கும் முறை என்னுடையது. தாளில் மூன்றாவது மன்றாட்டு: "இலங்கைச் சிறையில் வாடும் எம் மீனவச் சகோதரர்களுக்காக."

எனக்குத் தொண்டையில் நின்றது. ஏனென்றால் அதற்கு முந்தைய மாதம்தான் மாமா போன் பண்ணியிருந்தார். மன்னாரில் பேசாலைப் பக்கம் அவர் போட்ட வலை. இந்திய இழுவைப்படகு அறுத்துக்கொண்டு போயிருந்தது. பதினெட்டு துண்டு போட்டதில் நாலு துண்டு திரும்ப வந்ததாம், மிச்சம் கடன். கடலின் அடியை உழுது வாரும் இழுவைமடி வலையை இலங்கையில் 2017இல் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். ஆனால் வாரத்தில் மூன்று இரவு இந்தப் பக்கத்துப் படகுகள் வரும் என்பதால், அந்த இரவுகளில் மாமா மாதிரிச் சின்ன வள்ளக்காரர்கள் வலையே போடுவதில்லை. இதைக் காசிமேட்டில் யாரிடம் சொல்ல? சொன்னால் "நம்ம பசங்களை சுடுறாங்களே, அது?" என்பார்கள். அதுவும் பொய்யில்லை.

மன்றாட்டை வாசித்தேன். முழுதாக வாசித்தேன். தாளில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்தேன்: "வலை அறுந்து கடனில் இருக்கிற அக்கரை மீனவர்களுக்காகவும்." சபை ஒரு நொடி தாமதித்து "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. பாதிக் குரல்தான் வந்தது.

வெளியே வந்ததும் ஒருவர் முகத்துக்கு நேரே, "துன்றது இங்க, பேசுறது அங்கயா?" என்று கேட்டார். தலைவி அக்கா என்னோடு நான்கு வாரம் பேசவில்லை. இந்தப் பேச்சு இரண்டு ஊர் அர்த்தத்திலும் இல்லை. ஃபாதர் அந்த வாரம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சீடர்கள் "வலைகளை விட்டுவிட்டு" இயேசுவைப் பின்பற்றியதைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். என் பக்கத்தில் இருந்த ஆயா, "வலை என்னா வெலைன்னு தெரியாதவங்க சொல்றது" என்று முணுமுணுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

ஐந்தாவது வாரம் அன்பியம் எங்கள் வீட்டு முறை. அக்கா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்து கதவோரம் உட்கார்ந்தாள். வாசகம் மத்தேயு 25, நான் தேர்ந்தெடுத்தது இல்லை, அட்டவணையில் அதுதான் இருந்தது. "சிறையில் இருந்தேன், என்னைத் தேடி வந்தீர்கள்" என்ற இடத்தில் அக்கா நின்றுவிட்டாள். ஆறாவது படியில் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. அக்கா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "பையன் வவுனியா ஜெயில்ல கீறானாம். மாத்து லுங்கிகூட இல்லையாம். உங்க மாமா அங்கதான கீறாரு."

மாமாவுக்கு போன் பண்ணினேன். சொல்லி முடிக்கவில்லை, "உனக்கு விசரே பிள்ளை?" என்று வைத்துவிட்டார். நியாயம்தானே. நான் மறுபடி கூப்பிடவில்லை, அக்காவிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. "முயற்சி பண்ணுறேன்கா" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

பத்து நாள் கழித்து, நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்த நேரம், மாமாவே எடுத்தார். அவர் வழக்கப்படி வணக்கம், சுகம் எதுவும் இல்லை.

"சுவாமியோட போய்ப் பாத்தனான். சறம் ரெண்டு, சவர்க்காரம், பிஸ்கற் குடுத்தது. பெடியனுக்குப் பத்தொன்பது வயசு. என்ர வலையை அறுத்த படகோ எண்டு கேட்டன். தெரியாது எண்டு அழுகிறான். கூலிக்கு வந்தவன், அவனுக்கு என்ன தெரியும்."

"சரி மாமா."

"படகுக்காரன் வீட்டில படுத்திருக்கிறான், என்ன?"

"ஓம் மாமா."

"என்ர வலைக் காசை ஆர் தாறது எண்டு உங்கட சனத்திட்டக் கேட்டுச் சொல்லு."

கையைக் கழுவிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சறம், சவர்க்காரம் எல்லாவற்றையும் சொன்னேன். சறம் என்றால் லுங்கி, சுவாமி என்றால் ஃபாதர் என்றும் சொன்னேன். அக்கா அழுதாள், டீ போட்டாள், போகும்போது அரை கிலோ நெத்திலி கொடுத்துவிட்டாள். மாமாவின் கடைசிக் கேள்வியை மட்டும் நான் சொல்லவில்லை. அடுத்த அன்பியம் இருபதாம் தேதி, ஆயா வீட்டில்.