துணைக்குழுவைக் கலைப்பது எப்படி, மனஸ்தாபம் இல்லாமல்

தொழில்முறைச் சங்கங்களில் துணைக்குழு பிறக்கும் விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். மாநாடு வருகிறது, மாநாட்டுக் குழு. சிறப்பு மலர் போட வேண்டும், மலர்க் குழு. தேர்தலில் தோற்றவரைச் சமாதானம் செய்ய வேண்டும், ஆலோசனைக் குழு. மாநாடு முடிந்துவிடும், மலரும் வந்துவிடும். குழு மட்டும் லெட்டர்பேடில் உட்கார்ந்திருக்கும். 400 உறுப்பினர் உள்ள ஒரு நகரப் பொறியாளர் சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 துணைக்குழு இருக்கும், வேலை நடப்பது நாலைந்தில்.

சீரமைப்பு என்றதும் பலர் முதலில் கட்டம் கட்டமாகப் படம் வரைகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். கட்டத்துக்குள் பெயர் விழுந்த நிமிஷமே பேச்சு வேலையை விட்டுப் பதவிக்குத் தாவிவிடும். முதலில் எடுக்க வேண்டியது மினிட்ஸ் புத்தகம், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடு. கடைசி 2 வருடப் பக்கங்களைப் புரட்டி, ஒவ்வொரு குழுவும் எத்தனை முறை கூடியது, யார் வந்தார்கள், எந்த வேலைக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் அது முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று குறியுங்கள். கையெழுத்துப் போட்டவர் 11 பேர், வேலை ஏற்றவர் 2 பேர் என்று வந்தால் அந்தக் குழு உண்மையில் 2 பேர் குழு. மினிட்ஸே இல்லாத குழுவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம்.

அடுத்தது, ஒரு வேலையை எடுத்து அதன் பின்னாலேயே நடந்து பார்ப்பது. உறுப்பினர் சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பம் உறுப்பினர் குழுவுக்கு வருகிறது. பணம் யுபிஐ மூலம் பொருளாளர் கணக்குக்குப் போகிறது. பட்டியல் இணையதளக் குழுவிடம், அடையாள அட்டை அச்சடிப்பது வேறொருவரிடம். பணம் வந்ததைப் பொருளாளர் சொல்லும்வரை முதல் குழு காத்திருக்கும். கேட்டால்தானே சொல்ல முடியும் என்று பொருளாளர் இருப்பார். பணம் கட்டிய பொறியாளருக்கு 3 மாதமாகியும் அட்டை வராது. இங்கே சோம்பேறி யாருமில்லை. ஒரே வேலை நாலு கை மாறுகிறது, மாறும் இடத்துக்குப் பொறுப்பாளி இல்லை, அவ்வளவுதான். விண்ணப்பம் முதல் அட்டை வரை ஒரே குழுவிடம் கொடுத்து, வங்கி வரவைப் பார்க்க மட்டும் (எடுக்க அல்ல) அதில் ஒருவருக்கு அனுமதி கொடுத்தால் பாதித் தாமதம் போய்விடும். குழுக்களை இணைக்கும்போது இந்த அளவுகோல் போதும்: கை மாறும் இடம் குறைகிறதா? குறையாவிட்டால் அது பெயர்ப்பலகை மாற்றம்.

இனி சட்டம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவான சங்கமென்றால், துணைக்குழுக்களின் பெயர் துணைவிதியிலேயே (சங்கம் தனக்கு எழுதிக்கொண்ட விதிகள்) எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதியிருந்தால் செயற்குழு தானாகக் கலைக்க முடியாது. 21 நாளுக்குக் குறையாத அறிவிப்பு கொடுத்து, பொதுக்குழுவில் வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கு ஆதரவோடு சிறப்புத் தீர்மானம் வேண்டும். திருத்தத்தை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அறிவிப்பிலேயே 'சிறப்புத் தீர்மானம்' என்று குறிப்பிடாமல் விட்டுவிட்டு, பிறகு தீர்மானம் செல்லாமல் திண்டாடுவது வழக்கமான சறுக்கல். அப்படித் திருத்தும்போது எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டு, "செயற்குழு தேவைக்கேற்பத் துணைக்குழுக்களை அமைக்கலாம், கலைக்கலாம்" என்று ஒரே வரி போடுங்கள். மறுபடி மறுபடி பொதுக்குழுவுக்கு ஓட வேண்டியதில்லை.

செயற்குழு வேறு கதை. குறைந்தது 3 பேர், பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதில் ஆள் மாறினால், அந்த மாற்றத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம் 7-ஐத் தாக்கல் செய்ய வேண்டும். துணைக்குழு மாற்றத்துக்கு அது தேவையில்லை. ஆனால் வங்கியில் கையொப்பமிடுபவரை மாற்றப் போனால், தீர்மான நகலோடு பதிவாளர் சான்றிட்ட படிவம் 7-ஐயும் கேட்பார்கள். தேர்தல் முடிந்த வாரமே தாக்கல் செய்யாத சங்கத்தில் பழைய பொருளாளர்தான் மாதக்கணக்கில் செக்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

இணைக்கக் கூடாத குழு ஒன்று உண்டு. சங்க அலுவலகத்தில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சிக்கனம் என்று நினைத்து இதை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவோடு சேர்த்துவிடாதீர்கள்.

மிஞ்சும் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே பக்கத்தில் பணி வரையறை எழுதுங்கள். என்ன வேலை, எவ்வளவு ரூபாய் வரை செயற்குழுவைக் கேட்காமல் செலவழிக்கலாம், யாரிடம் அறிக்கை, என்றைக்குக் காலாவதி. காலாவதித் தேதிதான் முக்கியம். நீட்டிக்கத் தீர்மானம் போடாவிட்டால் குழு தானாக முடிந்துவிடும். யாரையும் நீக்கியதாகப் பேச்சு வராது. ஆள் 5 முதல் 7 வரை போதும். அமைப்பாளரும் துணை அமைப்பாளரும் ஒரே வருடத்தில் மாறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். துணைக்குழுவுக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டவே வேண்டாம். மாநாட்டு நன்கொடை அமைப்பாளரின் ஜிபேயில் விழுந்தால், அது யார் வருமானம் என்று ஆடிட்டர் கேட்கும்போது பதில் இருக்காது.

மூத்தவர்கள்தான் கஷ்டம். 15 வருடம் மலர்க் குழுத் தலைவராக இருந்தவருக்குச் சுற்றறிக்கையில் சேதி தெரியக் கூடாது. தலைவரும் செயலாளரும் வீட்டுக்கே போய்ச் சொல்வதுதான் மரியாதை. சால்வையெல்லாம் பிறகு.

கைமாற்றத்தில் காகிதக் கோப்பு யாரும் மறப்பதில்லை. மறப்பது கூகுள் டிரைவ் உரிமை, சங்க மெயிலின் ஓடிபி போகும் செல்போன் எண், இணையதள டொமைன் யார் பெயரில் புதுப்பிக்கப்படுகிறது என்பது. டொமைன் ஒரு முன்னாள் உறுப்பினரின் சொந்த மெயிலில் இருந்தால், அவரிடம் நல்ல உறவு இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். கலைந்த குழுவின் வாட்ஸ்அப்பை உடனே அழிக்காதீர்கள். அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றி, புதிய பொறுப்பாளரின் எண் உள்ள செய்தியை மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்து, ஒரு மாதம் விட்டுவையுங்கள். காலை வணக்கம் வருவது முதல் நாளே நின்றுவிடும்.