பச்சையும் மஞ்சளுமாய்ப் போன நீலத் தட்டு

பாக்டீரியாவே இல்லாத ஒரு தட்டு நிறம் மாறியபோதுதான், இரும்பைப் பிடித்துவர பாக்டீரியா வெளியே அனுப்பும் சைடரோபோர் என்ற மூலக்கூறு எனக்குக் கொஞ்சம் புரிய ஆரம்பித்தது.

நான் செய்தது, சைடரோபோர் இருக்கிறதா என்று பார்க்க 1987-இல் ஷ்வினும் நீலாண்ட்ஸும் வெளியிட்ட சோதனை. குரோம் அசுரால் என்ற சாயம் இரும்போடு சேர்ந்திருக்கும்வரை தட்டு நீலம். யாராவது அந்த இரும்பைப் பிடுங்கிக்கொண்டால் ஆரஞ்சு. நான் பழக்கதோஷத்தில் பாஸ்பேட்டை வளர்ப்பு ஊடகத்தில் தாராளமாகக் கொட்டிவிட்டேன். பாஸ்பேட்டுக்கும் இரும்பு மேல் ஒரு கண் உண்டு. விடிந்து பார்த்தால், ஒன்றும் வளர்க்காத தட்டு பச்சையும் மஞ்சளுமாக இளிக்கிறது.

சரி, பாக்டீரியாவுக்கு ஏன் இவ்வளவு பாடு? காற்றுபடும் நடுநிலை நீரில் ஃபெரிக் இரும்பு (மூன்று நேர்மின் கொண்ட இரும்பு) துருவாகப் படிந்துவிடும். கரைந்த நிலையில் தனியாக மிஞ்சும் அயனி, லிட்டருக்கு சுமார் 10⁻¹⁸ மோல்தான். பாக்டீரியாவுக்குத் தேவையோ 10⁻⁶-ஐ ஒட்டி.

எனவே ஈ. கோலை பாக்டீரியா என்டரோபேக்டின் என்ற சைடரோபோரை வெளியே அனுப்புகிறது. செரின் என்ற அமினோ அமிலம் மூன்று சேர்ந்த ஒரு வளையம், அதிலிருந்து மூன்று கேட்டகால் கைகள், கைக்கு இரண்டு ஆக்சிஜன். புரோட்டானை உதறி எதிர்மின் ஏற்ற ஆறு ஆக்சிஜன்களும் சிறிய, மும்மடங்கு நேர்மின் கொண்ட இரும்பைச் சூழ்ந்துகொள்கின்றன. தனித்தனி கேட்டகால்கள் மூன்று இருந்தாலும் இரும்பைப் பிடிக்கும், ஆனால் ஒன்று நழுவினால் நீரில் போய்விடும். இங்கே கைகள் ஒரே உடம்பில் இருப்பதால், நழுவிய கை பக்கத்திலேயே நிற்கிறது, மறுபடி பிடித்துக்கொள்கிறது.

பிடி எவ்வளவு இறுக்கம் என்று சொல்லும் நிலைப்பு மாறிலி இதற்குச் சுமார் 10⁴⁹. ஆய்வகத்தில் உலோகங்களைப் பிடிக்கப் பயன்படும் ஈடிடிஏ-வுக்கு 10²⁵. இந்த 49-ஐக் காட்டி மிரட்டுவது எனக்குப் பிடிக்காது. புரோட்டான்கள் எல்லாம் கழன்றுவிட்டன என்று வைத்துப் போட்ட கணக்கு அது. உடலின் பிஎச்-இல் கேட்டகாலின் ஆக்சிஜனுக்காக இரும்போடு புரோட்டானும் மல்லுக்கு நிற்கும். அதையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் கணிசமாகக் குறையும். அப்போதும் என்டரோபேக்டின்தான் முன்னால்.

அப்புறம்தான் வேடிக்கை. இப்படி இறுக்கிப் பிடித்ததை உள்ளே கொண்டுபோய் எப்படி விடுவிப்பது? இரும்புக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து ஃபெரஸாக ஒடுக்கினால் பிடி தளரும். ஆனால் இந்த அணைவின் ஒடுக்க மின்னழுத்தம் நடுநிலையில் சுமார் -750 மில்லிவோல்ட், அதாவது எலக்ட்ரானை வாங்க அவ்வளவு தயக்கம். செல்லில் எலக்ட்ரான் கொடுக்கும் என்ஏடிஎச்-இன் மின்னழுத்தம் -320 தான், எட்டாது. அதனால் ஃபெஸ் என்ற நொதி வளையத்தின் எஸ்டர் பிணைப்புகளையே வெட்டுகிறது. ஓர் இரும்பு அணுவுக்காக, சிரமப்பட்டுக் கட்டிய ஒரு மூலக்கூறு முழுசாகக் காலி! ஹைட்ராக்ஸமேட் என்ற வேறு வகை சைடரோபோர்களுக்கு இந்தச் செலவு இல்லை. அவற்றில் இரும்பை ஒடுக்குவது இதைவிட எளிது, காலியான மூலக்கூறைத் திரும்பப் பயன்படுத்தலாம்.

நான் பாஸ்பேட்டைக் குறைத்து, பிஎச்-ஐ நிலையாக வைக்கும் பைப்ஸ் தாங்கலில் தட்டுகளை மறுபடி ஊற்றினேன். மறுநாள் காலை வெறும் தட்டு நீலமாகவே இருந்தது. அடுத்த தட்டில் ஒவ்வொரு பாக்டீரியாக் கூட்டத்தைச் சுற்றியும் ஓர் ஆரஞ்சு வளையம்.