தும்பிக்கையிலிருந்து தொடங்குவோம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காட்டு யானைகள் இல்லாதபடியால், எங்கள் முன்பள்ளிக்கு வரும் பிள்ளைகளுள் பெரும்பாலானோர் யானையைப் படத்தில் மட்டுமே கண்டவர்கள். அவர்களுக்கு யானையைப் பற்றிச் சொல்லும்போது அதன் பருமனிலிருந்து தொடங்காமல் தும்பிக்கையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் துணிபு. யானை பெரியது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மூக்கும் மேலுதடும் ஒன்றாக நீண்டு அமைந்ததே தும்பிக்கை. அதனுள் ஓர் எலும்புகூட இல்லை, முழுவதும் தசையே. எங்கள் நாட்டு யானைக்கு அதன் நுனியில் விரல் போன்ற நீட்சி ஒன்று உண்டு; ஆபிரிக்க யானைக்கு இரண்டு. மரக்குற்றியைத் தூக்கும் அதே தும்பிக்கை, அந்த ஒற்றை விரலால் நிலத்தில் கிடக்கும் சிறு காயையும் பொறுக்கி எடுக்கும். இந்த இடத்தில், "அப்ப தண்ணியும் மூக்காலதானோ ரீச்சர் குடிக்கும்?" என்று எப்படியும் ஒரு பிள்ளை கேட்கும். மூக்கால் குடிப்பதில்லை, சில லீற்றர் நீரை உறிஞ்சித் தும்பிக்கைக்குள் பிடித்து வைத்து, நுனியை வாய்க்குள் வளைத்து ஊற்றிக்கொள்ளும்.

குட்டியின் கதைதான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஏறத்தாழ 22 மாதம் தாயின் வயிற்றில் இருந்து, சுமார் 100 கிலோ எடையுடன் பிறக்கும் குட்டிக்குத் தும்பிக்கையை என்ன செய்வதென்றே முதலில் தெரியாது. அதைச் சும்மா ஆட்டிக்கொண்டு திரியும், சிலவேளை தானே மிதித்தும் விடும். தாயின் முன்னங்கால்களுக்கிடையே உள்ள முலையில் பால் குடிக்கும்போதுகூடத் தும்பிக்கையை மேலே தூக்கிவிட்டு வாயாலேயே குடிக்கும். தாயும் கூட்டத்திலுள்ள மற்றப் பெண் யானைகளும் அதைக் காத்து வளர்க்கும்; அக்கூட்டத்தை நடத்துவதும் வயதில் மூத்த ஒரு பெண் யானையே.

நிறந்தீட்டக் கொடுக்கும் படங்களில் எல்லா யானைகளுக்கும் தந்தம் இருப்பது எனக்கு உடன்பாடில்லை. இலங்கையில் பெண் யானைகளுக்கு வெளியே நீண்ட தந்தம் இல்லை. ஆண் யானைகளிலும் பத்தில் ஒன்றுக்குக்கூடக் கிடையாது. நாங்களே தந்தமில்லாத யானையை வரைந்து கொடுக்கலாம்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆனையிறவைப் பற்றியும் சொல்லலாம். ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை அங்குள்ள ஆழமற்ற கடல்நீரேரியினூடாக நடத்திக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு விற்றார்கள். பிடிபட்ட யானைகள் பட்ட துன்பத்தைச் சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் விரிக்க வேண்டியதில்லை. கேட்டால் மறைக்கவும் வேண்டியதில்லை.