சமூக வன உரிமைக்கு மனு போட்ட அனுபவம்

முதுமலையை ஒட்டிய சீகூர்ப் பக்கம் எங்கள் இருளர் ஊர். ஊராகச் சேர்ந்து காட்டைப் பயன்படுத்தவும் காக்கவும் சட்டம் தரும் சமூக வன உரிமைக்கு மனு போட்டோம். 1940-ல் சரணாலயம், 2007-ல் புலிகள் காப்பகம் என்று காட்டுக்குப் பெயர் மாறியது. மாறும்போதெல்லாம் தேனுக்கும் நெல்லிக்காய்க்கும் கல்பாசிக்கும் போகிறவர்களுக்குக் கெடுபிடி கூடியது.

"பூங்காவுக்குள் உங்கள் சட்டம் செல்லாது" என்றுதான் அலுவலர்கள் முதலில் எங்களிடம் சொன்னார்கள். செல்லும். 2006 வன உரிமைச் சட்டம் வன நிலம் என்று சொல்வதில் சரணாலயமும் தேசியப் பூங்காவும் அடக்கம். அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சட்டப்படி உரிமைப் பத்திரம் கொடுப்பதற்குத் தமிழ்நாட்டில் 2008-ல் வந்த நீதிமன்றத் தடை 2016-ல்தான் நீங்கியது. அதனால் விவரம் தெரியாத அலுவலர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கிராம சபையில் பாதிப் பேராவது கூட வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். மனுக்களை வாங்கிச் சரிபார்க்கும் வன உரிமைக் குழுவையும் அங்கேயே தேர்ந்தெடுத்தோம்.

அப்புறம் ஆதாரம். காகிதம் இல்லையே என்று பயந்தவர்கள் பலர். மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தால் அதுவும் ஆதாரம்தான். கோயில், இடுகாடு, பழைய கிணறும் அப்படியே. ஒன்றுக்கு மேற்பட்ட வகை ஆதாரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து ஊர்ப் பாட்டி ஒருவர் எங்களோடு நடந்து வந்து ஓடை ஓடையாகப் பெயர் சொன்னார். எந்தப் பாறையில் தேன் எடுப்பது, குஞ்சுக்கு எவ்வளவு விட்டுவைப்பது, வெளியிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடி மூடுவதற்கு முன் எங்கே புல் இருந்தது என்று எல்லாம் அவர் வாயில் இருந்தது. அத்தனையும் வரைபடத்தில் ஏறியது. களச் சரிபார்ப்புக்கு வனத்துறைக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்தோம். வந்த வனக்காப்பாளர்களும் பாட்டி சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். தேசியப் பூங்கா அறிவிக்க வேண்டுமென்றால் அந்த நிலத்தின் உரிமைகள் எல்லாம் அரசிடம் வந்துவிட வேண்டும் என்கிறது 1972 வனவிலங்குச் சட்டம். 2006 சட்டமோ காட்டையும் விலங்கையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே கொடுக்கிறது. அதனால் எங்கள் மனுவில் எடுப்பதை மட்டும் எழுதவில்லை. உண்ணிச்செடியை எங்கே அகற்றுவோம், எந்த மாதங்களில் எந்தப் பகுதிக்குள் போக மாட்டோம் என்பதையும் தீர்மானமாகச் சேர்த்தோம். காட்டுக்குள் வாழ்கிறவர்களைத் தள்ளிவைத்துவிட்டுக் காட்டைக் காப்பாற்ற முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.

மனு இப்போது கிராம சபைக்கு அடுத்த படியான உட்கோட்டக் குழுவில் இருக்கிறது. கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உட்கோட்டக் குழு முடிவெடுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடம் போகலாம்.