அட்வான்ஸ் பணம் நம்முடையது இல்லை

மதுரை திருநகரில் எங்களுக்கு ஒரு வீடு. கீழே நான் இருக்கிறேன். மாடி ஒரு போர்ஷன். பின்பக்கம் ஓர் அறையும் சமையலறையுமாக இன்னொன்று. 1998-ல் என் கணவர் கடன் வாங்கிக் கட்டியது. அவர் இருந்தவரை வாடகை, மோட்டார் ரிப்பேர், குடியிருப்பவர்களின் புகார் எதுவும் என் காதுக்கு வந்ததில்லை. 2013-ல் அவர் போன பிறகு எல்லாம் என் தலையில் வந்தது. அப்போது நான் தபால் அலுவலகத்தில் வேலையில் இருந்தேன். கணக்கு வழக்கு எனக்குப் புதிதில்லை. ஆனாலும் ஒரு பெரிய தப்பு செய்தேன்.

அப்போது மாடிக்கு வாடகை 6,000. எங்கள் பக்கத்து வழக்கப்படி பத்து மாத வாடகையை, அதாவது 60,000 ரூபாயை, அட்வான்ஸாக வாங்கியிருந்தோம். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டி வந்தபோது அதிலிருந்து எடுத்தேன். மறு வருடமும் எடுத்தேன். மாடியில் இருந்த தம்பி முறையாக இரண்டு மாதம் முன்னாலேயே வந்து, "அக்கா, ஆபீஸ் பக்கமா வீடு பார்த்துட்டோம், காலி பண்றோம்" என்று சொன்னார். சாவி கொடுத்த அன்று என்னிடம் இருந்தது 15,000. "அடுத்து ஆள் வந்ததும் மிச்சத்தைத் தருகிறேன் தம்பி" என்றேன். இப்படிச் சொல்வதுதான் ஊர் வழக்கம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆள் வர மூன்று மாதம் ஆனது. புது வீட்டு அட்வான்ஸுக்காக அவர் மனைவியின் செயினை அடகு வைத்திருந்தார் என்பது பிறகு பக்கத்து வீட்டில் சொல்லித்தான் தெரிந்தது. அந்த மூன்று மாத வட்டியை நான் கொடுக்கப் போனபோது அந்தப் பெண் வாங்க மறுத்துவிட்டாள். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஒன்றிரண்டு போர்ஷனை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: அட்வான்ஸை வாங்கிய அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கோடு சேர்க்காதீர்கள். நான் தபால் அலுவலகத்தில் ஒரு வருட டெபாசிட்டில் போடுகிறேன். பத்து மாதம் வாங்குவதையும் விட்டுவிட்டேன். 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. இப்போது மாடி வாடகை 8,500, அட்வான்ஸ் 25,500. தொகை சிறியது என்பதால் திருப்பிக் கொடுக்க எனக்குப் பயமில்லை. நல்ல குடும்பங்களும் சீக்கிரம் வருகின்றன.

அப்புறம் பெயின்ட் விஷயம். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை 'வெள்ளையடிக்க' என்று பிடித்துக்கொள்வது இங்கே எல்லோரும் செய்வது. நானும் பிடித்திருக்கிறேன். அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் படித்தபோதுதான், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர் பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்று தெரிந்தது. குடியிருப்பவர் உடைத்தது, கெடுத்தது மட்டும் அவர் கணக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு மாதிரி அன்றாட வேலைகளும் அவர்களுடையவை. யோசித்தால் நியாயமாகவே படுகிறது. வருமான வரிக் கணக்கில் சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள நமக்கு இடம் இருக்கிறது, பில் எதுவும் கேட்பதில்லை. அந்தச் சலுகையையும் அனுபவித்துக்கொண்டு குடியிருந்தவரிடமும் பெயின்ட் காசு பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போதெல்லாம் மாத வாடகையில் ஆயிரம் ரூபாயைத் தனியே எடுத்து வைக்கிறேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெள்ளையடிக்க அது பெரும்பாலும் போதுகிறது.

எது உடைந்தது, எது முன்பே பழையது என்ற தகராறு வராமலிருக்க, குடி வரும் அன்று அவர்களோடு சேர்ந்தே வீட்டைச் சுற்றி வருகிறேன். பாத்ரூம் டைல்ஸ் விரிசல், சிங்க், கொசுவலைக் கிழிசல், எத்தனை சாவி என்று போனில் படம் எடுத்து அங்கேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். ஒப்பந்தம் இரண்டு பிரதி, இருவரிடமும் ஒன்று. பதினொரு மாதத்துக்குப் போட்டால் பதிவே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். புதுச் சட்டத்தில் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், வாடகை அதிகாரியிடம் இணையத்தில் பதிய வேண்டும். நான் பதிகிறேன்.

கரண்ட் பில்லில்தான் நான் அதிகம் தடுமாறினேன். மீட்டர் தனித்தனியாக இருந்தாலும், ஒருவர் நடு மாதத்தில் காலி செய்து இன்னொருவர் வந்தால் சிக்கல்தான். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விகிதம் கூடிவிடும். பழையவர் 300, புதியவர் 250 என்றால், தனியாக 500-ஐத் தொடாத இருவரும் சேர்ந்து அதிக விகிதத்தில் கட்ட வேண்டிவரும். இப்படி ஒருமுறை வந்தபோது கூடுதலாக வந்த பணத்தை நானே கட்டினேன். ஆள் மாறிய நேரம் அவர்கள் குற்றமில்லையே. சாவி வாங்கும் நாளிலும் கொடுக்கும் நாளிலும் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். போர் மோட்டார் யார் மீட்டரில் ஓடுகிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். எங்கள் வீட்டில் அது மாடி மீட்டரில் ஓடியது எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

வாடகை தாமதமானால் தண்ணீரை நிறுத்துவது, ஃப்யூஸைப் பிடுங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். சட்டப்படியும் கூடாது. வீட்டில் குழந்தை இருக்கும், வயதானவர் இருப்பார். பத்தாம் தேதி வரை பொறுப்பேன், பிறகு நேரில் கேட்பேன். பெரும்பாலும் சம்பளம் தள்ளிப்போனதுதான் காரணமாக இருக்கும். அதேபோல, நம் வீடுதானே என்று சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே போகக் கூடாது. ஒரு நாள் முன்னால் எழுதிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நான் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டுப் போகிறேன்.

போன வாரம் பின் போர்ஷனில் இருந்த நர்ஸ் பெண் திருமணமாகிப் போனாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தோம், ஒரு குழாய் கைப்பிடி மட்டும் உடைந்திருந்தது, 180 ரூபாய். அதைக் கழித்து மீதியை அவள் வாசலில் நிற்கும்போதே போனில் அனுப்பினேன். "இப்பவேவா ஆன்ட்டி?" என்று கேட்டாள். இப்போது சுவர் காய்ந்துகொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தொட்டி கழுவ ஆள் வருகிறார். டூ-லெட் போர்டை அதற்குப் பிறகு மாட்டலாம் என்றிருக்கிறேன்.