எர்த்தைப் பார்த்தியாலே?

அக்கா மகன் டெக்சாஸில் வீட்டு ஷெட்டிலேயே விமானம் கட்டுகிறான். இரண்டு பேர் உட்காரும் நிஜ விமானம். பாதிக்கு மேல் சொந்தக் கையால் கட்டியிருந்தால், சோதித்துப் பார்த்து அமெரிக்காவில் பறக்க விடுகிறார்கள். நான் பேட்டையில் 30 வருஷமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருப்பவன்.

போன சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு வீடியோ காலில் வந்தான். அங்கே காலை 11:30.

"மாமா, என்ஜின் ஓடும்போது லேண்டிங் லைட்டைப் போட்டா ஆயில் டெம்பரேச்சர் ஏறுது, பிரஷர் இறங்குது. சென்சார் ரெண்டையும் மாத்திட்டேன்."

"லைட்டை அணைச்சா?"

"முள்ளு உடனே பழைய இடத்துக்கு வந்திருது."

சுவிட்சைத் தட்டிய நொடியில் ஆயில் ஆறுமா?

"என்ஜினை நிறுத்திட்டு லைட்டைப் போட்டா?"

"அசையவே இல்ல மாமா."

"ஏலே, எர்த்தைப் பார்த்தியா?"

என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. என்ஜினில் இருக்கும் ஆல்டர்னேட்டர் தரும் கரண்ட் லைட்டுக்குப் போய், பாடியையும் என்ஜினையும் இணைக்கும் எர்த் பட்டை வழியாகத்தான் என்ஜினுக்குத் திரும்பவேண்டும். பட்டை சரியாகப் பிடிக்காவிட்டால் இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் வோல்ட் நின்றுவிடும். மீட்டருக்கு எர்த் பாடியில், சென்சாருக்கு என்ஜினில். அந்த வோல்ட்டால் சென்சாரின் ஓம்ஸ், அதாவது மின்தடை, குறைந்த மாதிரி மீட்டருக்குத் தெரியும். டெம்பரேச்சர் சென்சாரில் ஓம்ஸ் குறைந்தால் சூடு என்று அர்த்தம், அவன் மாட்டிய பிரஷர் சென்சாரில் பிரஷர் இல்லை என்று அர்த்தம். பயல் பயந்ததில் தப்பில்லை.

"ஸ்டார்ட்டர் இழுவையா சுத்துதா?"

"ஆமா, அதுக்குத்தான் புது பேட்டரி வாங்கினேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். ஸ்டார்ட்டர் கரண்டும் இதே பட்டை வழியாகத்தான் திரும்பவேண்டும். களக்காட்டு ஜீப் ஒன்றில் இதே பட்டை அறுந்துபோய், ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாக ஓடி உறையே உருகியிருந்தது. நான்தான் அதைக் கழற்றினேன்.

பட்டையை ஓம்ஸில் வைத்துப் பார்த்துச் சரி என்றிருக்கிறான். நாலு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் ஓம்ஸ் சரி என்றுதான் காட்டும், லோடு ஏறினால்தான் குட்டு உடையும். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பை என்ஜின் பிளாக்கிலும் கிளிப் போட்டு மாட்டச் சொன்னேன். சுற்றுகிற விசிறிப் பக்கம் கையைக் கொண்டுபோகாதே என்று இரண்டு தடவை சொன்னேன். என்ஜின் ஓட, லைட் எரிய, பிளஸ்ஸோ மைனஸோ 0.1 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். மைனஸ் 0.3 காட்டியது.

என்ஜினை நிறுத்தி நட்டைக் கழற்றினால், பட்டை முனையில் இருக்கும் லக்குக்கு (வளையத்துக்கு) அடியில் அழகாக அடித்த வெள்ளை பெயின்ட்! உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியத் தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கினான். இப்போது 0.04. லைட்டைப் போட்டால் இரண்டு முள்ளும் அசையவில்லை.

கழற்றிய இரண்டு நல்ல சென்சாரும் டிராக்டருக்கு ஆகுமா என்று கேட்கிறான்.